கன்றும் இளங்கொடியும் ஒரே முட்டைதானே, பிரித்துவிட்டது யார்?

மேலூர்_டீச்சர்

பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன். போன வாரம் கருவளர்ச்சிப் பாடம். பள்ளிக்கு வரும் வழியில், கண்மாய்க்கரையில் ஒரு ஆலமரம் நிற்கிறது. மாடு கன்று ஈன்றதும் விழும் இளங்கொடியை (நஞ்சுக்கொடியை) வைக்கோலில் சுற்றி, சாக்கில் கட்டி, அந்த மரத்தில்தான் தொங்கவிடுவார்கள். பாலுள்ள மரத்தில் கட்டினால் மாடு நன்றாகக் கறக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. பின்வரிசைப் பையன் ஒருவன், வீட்டில் நாலு மாடு இருக்கிறது, எழுந்து கேட்டான்: "டீச்சர், கன்னுக்குட்டியும் அந்த மூட்டைக்குள்ள இருக்கிறதும் ஒரே முட்டையில இருந்து வந்ததுங்கறீங்க. எந்த செல் கன்னுக்குட்டி ஆகணும், எந்த செல் மரத்துல தொங்கணும்னு யாரு சொன்னது?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஜீன் சொல்லும்" என்று சமாளித்தேன். "எல்லா செல்லுக்குள்ளயும் அதே ஜீன்தானே டீச்சர்?" என்றான். நல்ல வேளை, மணி அடித்துவிட்டது.

திங்கட்கிழமை அவன் மறுபடி கேட்பான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிம்மக்கல்_டீக்கடை

அந்தப் பையனுக்கு என் கணக்கில் ஒரு ஜிகர்தண்டா.

வாடிப்பட்டி_கால்நடை

வணக்கம் டீச்சர். கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆயிரக்கணக்கில் சினை ஊசி போட்டிருக்கிறேன். ஆனால் கருவைக் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு பயிற்சி முகாமில்தான். சினைப்படுத்திய ஏழாம் நாள், கர்ப்பப்பையில் திரவம் விட்டுக் கழுவி எடுத்தார்கள். மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்தால், ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு அளவில் கண்ணாடி உருண்டை மாதிரி ஒன்று. உள்ளே ஒரு பக்கமாகக் கொஞ்சம் செல் அடையாக ஒட்டியிருந்தது, மீதி இடம் தண்ணீர். சுற்றிலும் ஒற்றைச் சுவர். "அந்த அடைதான் கன்னு, சுவர்தான் கொடி" என்றார் சொல்லிக்கொடுத்த டாக்டர். ஏழே நாளில் பாகப்பிரிவினை முடிந்துவிட்டது. யார் பிரித்தார்கள் என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பல்கலைநகர்வாசி

காமராசர் பல்கலைக்கழகத்தில் பழ ஈ வைத்து ஆய்வு செய்தவன் நான். பாலூட்டி என் துறை இல்லை, படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். சுவர்தான் கொடி என்பது முக்கால் உண்மை. கொடியின் வெளிப்பரப்பு அந்தச் சுவர்ச் செல்களில் இருந்து வருகிறது. அதற்குள் ஓடும் ரத்தக்குழாய்கள் உள்ளே இருந்த அடையின் வாரிசுகள். ஆக, மரத்தில் தொங்குவதிலும் கன்றின் பக்கத்து ஆட்கள் உண்டு.

இனி கேள்விக்கு வருவோம். நான் வளர்த்த ஈயின் முட்டையில் தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம் என்று தாய் முன்பே குறித்து வைத்துவிடுவாள். பைகாய்டு என்ற ஜீனின் சரக்கை ஒரு முனையில் கொட்டி வைத்திருப்பாள். அந்த முனைதான் தலைப்பக்கம். அதனால் யார் சொன்னது என்றால் அம்மா சொன்னாள் என்று முடித்துவிடலாம்.

பாலூட்டியில் அது எடுபடாது. 1959இல் போலந்துக்காரர் ஆந்த்ரெய் தார்கோவ்ஸ்கி, சுண்டெலிக் கரு இரண்டு செல்லாக இருக்கும்போது ஒரு செல்லை ஊசியால் குத்திச் சாகடித்துவிட்டு மற்றதை வளரவிட்டார். பிறந்தது அரை எலி இல்லை, முழு எலி. 1961இல் தலைகீழாகச் செய்தார். இரண்டு தனித்தனிக் கருக்களை ஒட்டவைத்தார், அதுவும் ஒரே எலியாக வளர்ந்தது. இது உன் இடம், இது என் இடம் என்று முன்பே பட்டா போட்டிருந்தால் இப்படி நடக்குமா?

1967இல் தார்கோவ்ஸ்கியும் யோவன்னா வ்ருப்லெவ்ஸ்காவும் சொன்ன விளக்கம் எளிமையானது: வெளியே மாட்டிக்கொண்ட செல் கொடியாகும், நடுவில் மாட்டிக்கொண்ட செல் குட்டியாகும். இருக்கும் இடம்தான் விதி.

மேலூர்_டீச்சர்

சுங்குடி மாதிரி! முடிச்சுக்குள் இருக்கிற துணியில் சாயம் ஏறாது, வெளியே இருக்கிற துணி நிறம் மாறிவிடும். எங்கள் சின்னம்மா வீட்டில் முடிச்சு போட்டுக் கொடுப்பார்கள். பிள்ளைகளுக்கு உடனே புரியும்.

பல்கலைநகர்வாசி

அருமையான உவமை டீச்சர், வகுப்பில் சொல்லுங்கள். ஆனால் அதில் ஒரு இடம் இடிக்கும். சுங்குடியில் முடிச்சு போட ஒரு கை வேண்டும். கருவில் கை கிடையாது, துணியே தன்னை முடிந்துகொள்கிறது. எப்படி என்பதைத்தான் கடந்த 40, 50 வருஷமாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள்.

எட்டு செல் வரைக்கும் கரு என்பது ஒரு பைக்குள் கிடக்கும் எட்டு நெல்லிக்காய். ஒவ்வொன்றும் உருண்டையாக, தனித்தனியாகத் தெரியும். சில மணி நேரத்தில் அவை ஒன்றையொன்று அப்பிக்கொண்டு ஒரே உருண்டையாகிவிடும். எல்லைக்கோடே மங்கிப்போகும். இதற்கு கம்பாக்ஷன் என்று பெயர், இறுகல் என்று வைத்துக்கொள்வோம். சுண்டெலியில் இது 8 செல் பருவத்தில். மாட்டில் இன்னும் கொஞ்சம் தள்ளி, 16 முதல் 32 செல் வாக்கில்.

ஒட்டுவதற்குச் செல் சவ்வில் ஈ-கேட்ஹெரின் என்ற புரதம் இருக்கிறது. ரொம்ப நாள் இது பசை மாதிரி இழுத்து ஒட்டவைக்கிறது என்றே நினைத்திருந்தார்கள். 2015இல் ழான்-லேயோன் மெத்ரும் கூட்டாளிகளும் நுண்ணிய குழாயால் செல்லின் மேற்பரப்பை உறிஞ்சி இழுவிசையை அளந்தார்கள். முக்கால்வாசி வேலையைச் செய்வது பசை இல்லை என்று தெரிந்தது. சவ்வுக்கு அடியில் ஆக்டின் என்ற புரத இழைகளின் வலை ஒன்று இருக்கிறது. அதை மயோசின் என்ற இன்னொரு புரதம் இழுக்கிறது. வெளிப்பக்கத்து வலை இறுக இறுக, செல்கள் பக்கத்துச் செல்லோடு சேர்ந்து தட்டையாகின்றன. சுருக்குப்பையின் வாயை இழுத்தால் உள்ளே இருக்கும் வெற்றிலை பாக்கெல்லாம் ஒன்றாக நெருங்கிவிடும் இல்லையா, அப்படி.

இன்னொரு வேடிக்கை. அந்த இறுக்கம் சீராக இருப்பதில்லை. ஏறக்குறைய 80 நொடிக்கு ஒருமுறை துடிப்பு மாதிரி வந்து போகும். இதயம் என்று ஒன்று உருவாக இன்னும் எத்தனையோ நாள் இருக்கிறது. வாடிவாசலில் காளையின் திமிலைப் பிடித்துத் தொங்குகிறவன் கையில் இழுக்கிறதும் இதே ஆக்டின்-மயோசின் ஜோடிதான்.

லேப்பில்_ஒருத்தி

மதுரையில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் எம்பிரியாலஜிஸ்ட், லேபில் கருவைப் பார்த்துக்கொள்கிற வேலை. பெயரும் இடமும் வேண்டாம்.

பசை முக்கியமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள் அண்ணா. ஈ-கேட்ஹெரின் பிடிக்க கால்சியம் வேண்டும். முன்பெல்லாம் மூன்றாம் நாள் கருவிலிருந்து ஒரு செல்லை மட்டும் எடுத்துச் சோதிப்பார்கள். அதற்கு முன் கால்சியம் இல்லாத திரவத்தில் கொஞ்ச நேரம் வைப்பார்கள். இறுக ஆரம்பித்த கரு கண்முன்னே தளர்ந்து, செல்லெல்லாம் மறுபடி நெல்லிக்காயாக உருளும். கால்சியம் உள்ள திரவத்துக்கு மாற்றினால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். முதல்முறை பார்த்தபோது கோபித்துக்கொண்ட பிள்ளையைச் சமாதானம் செய்த மாதிரி இருந்தது.

அப்படி ஒரு செல் எடுத்த கருக்களிலிருந்து 1990இலேயே லண்டனில் குழந்தைகள் முழுசாகப் பிறந்துவிட்டன. தார்கோவ்ஸ்கியின் எலி சொன்னதை மனிதக் கருவும் சொன்னது.

சிம்மக்கல்_டீக்கடை

எல்லாம் சரி. ஆனால் பையன் கேட்ட கேள்வியை நீங்கள் ஒரு படி தள்ளி வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். வெளியே இருப்பவன் கொடி, உள்ளே இருப்பவன் கன்று. சரி, யார் உள்ளே போகணும் என்று யார் சொன்னது?

பல்கலைநகர்வாசி

மாட்டிவிட்டீர்கள் அண்ணாச்சி. சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

எட்டு செல்லும் வெளியேதான் இருக்கின்றன. இறுகும்போது ஒவ்வொரு செல்லுக்கும் இரண்டு முகம் உண்டாகிறது. பக்கத்துச் செல்லைத் தொடும் உள்முகம் ஒன்று, யாரையும் தொடாத வெளிமுகம் ஒன்று. வெளிமுகத்தில் நுண்ணிய முடி போன்ற நீட்சிகளும் சில குறிப்பிட்ட புரதங்களும் வந்து தொப்பி மாதிரி குவிகின்றன. 1981இல் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ஜான்சனும் கரோல் சியோமெக்கும் கவனித்தது இதைத்தான். அடுத்த பிரிவில் இந்தத் தொப்பி யாருக்குப் போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. செல் ஒரு வாக்கில் பிரிந்தால் இரண்டு பிள்ளைக்கும் ஆளுக்குப் பாதித் தொப்பி. வேறு வாக்கில் பிரிந்தால் ஒருவனுக்கு முழுத் தொப்பி, மற்றவனுக்கு ஒன்றும் இல்லை.

தொப்பி இல்லாதவன் என்ன ஆவான்? தொப்பி இருக்கும் இடத்தில் இழைவலை தளர்வாக இருக்கும். இல்லாதவனுக்கு உடம்பு முழுக்க இறுக்கம். இறுக்கமான செல்லைத் தளர்வான செல்கள் மேலே படர்ந்து மூடிவிடுகின்றன, அவன் உள்ளே அமுங்கிவிடுகிறான். இதுவும் மெத்ர் குழு 2016இல் காட்டியதுதான். உள்ளே போனபின்தான் ஜீன் பேச்சு. தொப்பி உள்ளவனிடம் யாப் என்ற புரதம் உட்கருவுக்குள் நுழைந்து சிடிஎக்ஸ்2 என்ற ஜீனை முடுக்குகிறது, அவன் கொடி பக்கம். உள்ளே நாலா பக்கமும் ஆள் சூழ்ந்தவனிடம் யாப் வாசலிலேயே தடுக்கப்படுகிறது, அவன் கன்று பக்கம்.

ஆக டீச்சர், ஜீன் சொல்கிறது என்று நீங்கள் சொன்னது தப்பில்லை. ஆனால் ஜீனிடம் போய், "நான் எங்கே நிற்கிறேன், யார் என்னைத் தொடுகிறார்கள்" என்று செல்லின் உடம்பு முதலில் சொல்லவேண்டியிருக்கிறது.

சிம்மக்கல்_டீக்கடை

தொப்பி யாருக்கு என்பது அப்போ திருவுளச்சீட்டா?

பல்கலைநகர்வாசி

அங்கேதான் சண்டை. நிக்கோலாஸ் ப்ளாஷ்டா குழு 2020இல் ஒரு சாட்சியைக் கொண்டுவந்தது: கெரட்டின். மாட்டுக் கொம்பின் மேலோடு, நம் நகம், முடி எல்லாம் கெரட்டின் குடும்பம்தான். கருவில் இருப்பது அதே குடும்பத்தின் மெல்லிய பங்காளிகள், 8, 18 எண் வகைகள். சுண்டெலிக் கருவில் எட்டு செல் பருவத்தின் பிற்பாதியில் சில செல்களில் மட்டும் இந்த இழைகள் தோன்றுகின்றன. செல் பிரியும்போது ஆக்டின் வலை அவற்றை வெளிமுகத்தோடு பிடித்துவைத்துக்கொள்கிறது. வெளியே தங்கும் பிள்ளைக்கே அந்தச் சொத்து முழுசாகப் போகிறது. கெரட்டின் கிடைத்த செல் கொடி பக்கம் சீக்கிரம் சாய்ந்துவிடுகிறது.

அந்தச் சில செல்களில் மட்டும் ஏன் என்று கேட்பீர்கள். நாலு செல்லாக இருக்கும்போதே செல்களுக்குள் சின்னச் சின்ன வேற்றுமை இருப்பதாக ஒரு அணி சொல்கிறது. அதெல்லாம் சாய்வுதான், முடிவு இல்லை, எந்தச் செல்லை எடுத்தாலும் கரு சரிக்கட்டிக்கொள்கிறதே என்று இன்னொரு அணி. நான் இரண்டாவது அணி.

லேப்பில்_ஒருத்தி

நான் முதல் அணி அண்ணா. 2024இல் மனிதக் கருவிலேயே பார்த்திருக்கிறார்கள். முதல் இரண்டு செல்லில் ஒன்றின் வாரிசுகள்தான் உள்ளே இருக்கும் அடையில் பெரும்பான்மை. இரண்டும் சமம் என்றால் பாதிப் பாதி வந்திருக்க வேண்டும்.

பல்கலைநகர்வாசி

பெரும்பான்மைதானே, முழுசும் இல்லையே. முந்திப் பிரிகிறவன் முதலில் உள்ளே இடம் பிடிக்கிறான். டவுன் பஸ் ஜன்னலில் துண்டு போடுகிறவன் பிறக்கும்போதே சீட்டோடு பிறந்தவனா?

வாடிப்பட்டி_கால்நடை

இரண்டு பேரும் படித்தவர்கள், அடித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு ஒரு சந்தேகம். எல்லாம் சுண்டெலி, சுண்டெலி என்றே சொல்கிறீர்கள். எலிக்கு இருபது நாள் சினை, மாட்டுக்கு 280 நாள். அது இதற்குப் பொருந்துமா?

லேப்பில்_ஒருத்தி

நல்ல கேள்வி ஐயா. பல இடங்களில் பொருந்தாது. ஒரு உதாரணம் சொல்கிறேன். செல் பிரிய, குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கக் கதிர்கோல் இழைகள் வேண்டும். அவற்றை நிறுத்தும் முளைக்குச்சி மாதிரி சென்ட்ரியோல் என்று ஒன்று உண்டு. மனிதருக்கும் மாட்டுக்கும் அது விந்தணுவோடுதான் வருகிறது. அப்பா கொடுப்பது டிஎன்ஏ மட்டும் என்று நினைக்கிறவர்கள் கவனிக்கவும். சுண்டெலியில் அப்பாவிடமிருந்தும் வருவதில்லை, அம்மாவிடமிருந்தும் வருவதில்லை. முளைக்குச்சி இல்லாமலே பல சுற்று பிரிந்து, கருக்கோளப் பருவத்தில்தான், அதாவது நீங்கள் பார்த்த அந்தக் கண்ணாடி உருண்டைப் பருவத்தில்தான், புதிதாகச் செய்துகொள்கிறது.

அதனால்தான் முதல் பிரிவில் என்ன கோளாறு நடக்கிறது என்று பார்க்க, மெலினா ஷூ குழு 2021இல் மாட்டு முட்டையை எடுத்துக்கொண்டது. இந்த விஷயத்தில் நமக்கு மாடுதான் நெருங்கிய சொந்தம்.

வாடிப்பட்டி_கால்நடை

அதை அப்பவே சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்பேன்.

ஒத்தக்கடை_அம்மா

இங்கே எழுதலாமா தெரியவில்லை. படித்துக்கொண்டே வந்தேன், என் பையிலிருந்த பேப்பரில் உள்ள வார்த்தையெல்லாம் வருகிறது. போன வருஷம் எனக்கு வைத்த கரு "ஐந்தாம் நாள், 4ஏபி" என்று எழுதியிருந்தது. யாரும் விளக்கவில்லை. ஏ நல்லது, பி சுமார் போல என்று நானாக நினைத்துக்கொண்டேன். அதற்கு முந்தின முறை எல்லாமே மூன்றாம் நாளிலேயே நின்றுவிட்டன. அப்போது காத்திருந்த நாட்களில் கல்யாண வீட்டில் பப்பாளி சாப்பிட்டேன். இன்றைக்கும் மாமியார் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

லேப்பில்_ஒருத்தி

அக்கா, தாராளமாக எழுதுங்கள்.

முதலில் பப்பாளி. மூன்றாம் நாள் கரு உங்கள் வயிற்றில் இல்லை, எங்களைப் போன்ற ஒருவருடைய இன்குபேட்டரில் ஒரு தட்டில் இருந்தது. நீங்கள் என்ன சாப்பிட்டாலும் அங்கே போகாது. இதை மாமியாரிடம் படித்தே காட்டுங்கள்.

மூன்றாம் நாள் நிற்பது எங்கள் லேபில் அடிக்கடி பார்ப்பதுதான். கரு பிறந்ததும் தன் ஜீனைத் திறப்பதில்லை. மனிதரில் 4 முதல் 8 செல் வாக்கில்தான் பெரிய அளவில் திறக்கிறது. அதுவரை முட்டையில் அம்மா கட்டிக்கொடுத்த சீர்வரிசையில் குடும்பம் நடக்கிறது. சொந்தச் சம்பாத்தியம் தொடங்குகிற அந்த இடத்தில் பல கருக்கள் தடுக்கி விழும். அதற்கும் முன்னால், முதல் பிரிவிலேயே அம்மா பக்கத்து, அப்பா பக்கத்து குரோமோசோம்களை ஒரே கதிர்கோலில் கோக்கும்போது தவறு நடப்பது சகஜம். மாட்டு முட்டையில் பார்த்ததும் அதுதான். குரோமோசோம்கள் இரண்டு உட்கருவும் தொடும் இடத்தில் கூடி நின்றால் பிரிவு ஒழுங்காக நடக்கிறது, சிதறி நின்றால் எண்ணிக்கை தப்புகிறது. முட்டையின் வயதும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்ட முடியாது.

இப்போது 4ஏபி. எண் என்பது உள்ளே தண்ணீர் சேர்ந்து கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பது. 4 என்றால் முழுசாக விரிந்து மேலோடு மெலிந்துவிட்டது. முதல் எழுத்து உள்ளே இருக்கும் அடைக்கு, இரண்டாவது வெளிச்சுவருக்கு. உங்களுடையதில் குழந்தைப் பக்கம் ஏ, கொடிப் பக்கம் பி. அது நல்ல கரு அக்கா. ஆனால் எழுத்து வெளித்தோற்றத்துக்கு மட்டும்தான், உள்ளே குரோமோசோம் சரியா என்று அது சொல்லாது.

ஒத்தக்கடை_அம்மா

நன்றி தங்கச்சி. படித்துக் காட்டுகிறேன்.

மேலூர்_டீச்சர்

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நான் நடத்தும்போது "குழி உண்டாகிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். வெட்கமாக இருக்கிறது.

பல்கலைநகர்வாசி

வெளிச்சுவர்ச் செல்கள் சோடியத்தை உள்ளே பம்ப் செய்கின்றன. உப்பு போன வழியில் தண்ணீரும் போகும். சுவர்ச் செல்களுக்கு இடையே இறுக்கமான தையல் இருப்பதால் போனது வெளியே கசியாது. தண்ணீர் முதலில் ஒரே இடத்தில் சேர்வதில்லை. செல்களுக்கு நடுவே ஒட்டியிருந்த இடங்களைப் பிய்த்துக்கொண்டு நூற்றுக்கணக்கான சின்னக் குமிழிகளாக வருகிறது. அப்புறம் சின்னது சுருங்கிப் பெரியதற்குத் தண்ணீரைக் கொடுத்துவிடும். கடைசியில் ஒரே ஒரு குமிழி மிஞ்சும். இறுக்கம் குறைவாக, ஒட்டு பலவீனமாக இருக்கும் இடத்துக் குமிழிதான் ஜெயிக்கிறது. உள்ளே இருந்த அடை எதிர்ப்பக்கம் ஒதுங்குகிறது. 2019இல் பாரிஸில் சுண்டெலிக் கருவில் இதைப் படம் பிடித்தார்கள். கருவுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற முதல் திசை கிடைப்பது இந்தத் தண்ணீரால்தான்.

வகுப்பில் செய்துகாட்டலாம். இரண்டு ஸ்ட்ரா முனையில் ஒரு சின்ன சோப்புக் குமிழி, ஒரு பெரிய குமிழி. நடுவில் டியூப் போட்டு இணையுங்கள். இரண்டும் சமமாகும் என்று எல்லாப் பிள்ளையும் பந்தயம் கட்டும். சின்னதுதான் காலியாகும்.

மேலூர்_டீச்சர்

செய்தேன்! மூன்று தடவை குமிழி உடைந்தது, நாலாவது தடவை வந்தது. சுங்குடி, தொப்பி, சுருக்குப்பை எல்லாம் சொன்னேன். பையன் முழுசும் கேட்டுவிட்டு, "அப்ப யாருமே சொல்லல. பக்கத்துல இருக்கிறவன் தள்ளினதுல ஆனது. அந்த மூட்டை கன்னுக்குட்டிக்குப் பங்காளி முறை" என்றான். மதிப்பெண் போட வழி இல்லை, உட்காரச் சொன்னேன்.

இன்னொன்று கேட்டான். அவர்கள் வீட்டுச் செவலை அடுத்த வாரம் ஈனுமாம். கொடியைப் பள்ளிக்குக் கொண்டுவந்து காட்டட்டுமா என்கிறான்.

வாடிப்பட்டி_கால்நடை

வேண்டாம் டீச்சர், நாற்றத்தில் வகுப்பு நடத்த முடியாது. வெறுங்கையால் தொடவும் கூடாது, கன்றுவீச்சு நோய்க் கிருமி இருக்கலாம். மரத்தில் கட்டப் போகிறவரும் கையில் உறை போட்டுக்கொள்ளட்டும்.

அவனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். கொடி அரை நாளில் தானாக விழும். விழாமல் தொங்கினால் சில பேர் அதில் கல்லையோ பழைய செருப்பையோ கட்டிவிடுகிறார்கள். கையால் பிடித்து இழுக்கிறார்கள். இரண்டும் கூடாது. அந்தச் சுவர்ச் செல்கள் கர்ப்பப்பையோடு எத்தனை இடத்தில் கோத்துக்கொண்டு நிற்கின்றன என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இழுத்தால் உள்ளே கிழிந்து சீழ் பிடிக்கும், அடுத்த சினையும் தங்காது. 12 மணி நேரம் தாண்டினால் டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள். செவலை எத்தனையாவது ஈத்து?

மேலூர்_டீச்சர்

கேட்டுச் சொல்கிறேன் ஐயா.